பிறப்புக் கட்டுப்பாடும் வெறிநோய்த் தடுப்பும்: ‘விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் – 2023’ குறித்த ஒரு திறனாய்வு (வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

கட்டற்றுத் திரியும் விலங்குத் திரள்களின் பிறப்பைக் குறைப்பதன் வாயிலாக அவற்றிடையே பரவும் நோயைக் கட்டுப்படுத்தலாம் என்னும் கருத்து, இந்தியாவில் தெருநாய்க் கருத்தடைத் திட்டமாகச் சட்ட வடிவம் பெற்றுள்ளது. 2001ஆம் ஆண்டு விதிகளும் அவற்றுக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டு விதிகளும் வெறிநோய்த் தடுப்பூசியைக் கருத்தடை அறுவையோடு பிணைத்தே பேசுகின்றன. இப்பிணைப்பின் அறிவியல் அடிப்படை எத்தகையது, நகரத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட விதிகள் ஊர்ப்புறத்தில் எவ்வாறு பொருள்படுகின்றன என்னும் இரு வினாக்களைப் புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. வெறிநோயைத் தடுப்பது தடுப்பூசியே. கருத்தடை அத்தடுப்பின் ஆயுளை நீட்டும் துணைக்கருவி என்பதும், துணையை முதன்மையாக்கிய விதிகளின் அமைப்பால் ஊர்ப்புறமே இழப்புக்கு உள்ளாகிறது என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: வெறிநோய், கருத்தடை, தடுப்பூசி, விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், கொம்யூன் பஞ்சாயத்து, வில்லியனூர், பாகூர்.

முன்னுரை

நாய்க்கடி பற்றிய அண்மைக்கால விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு துருவங்களுக்கு இடையே நடைபெறுகின்றன. நாய்களை அகற்ற வேண்டும் என்பது ஒன்று; கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது மற்றொன்று. உச்ச நீதிமன்றத்தின் 2025ஆம் ஆண்டு ஆணைகள் இவ்விவாதத்தைக் கூர்மையாக்கின. தில்லித் தலைநகர்ப் பகுதி நாய்கள் அனைத்தையும் காப்பகங்களுக்கு மாற்றுமாறு 11.08.2025 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை, 22.08.2025 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வால் மாற்றியமைக்கப்பட்டது. கருத்தடையும் தடுப்பூசியும் பெற்ற நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம். வெறிநோய் கண்டவையும் மூர்க்கம் மிக்கவையும் விலக்கு என்பது அவ்வாணையின் சாரம். 07.11.2025 ஆணையோ கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், தொடர்வண்டி நிலையங்கள் முதலிய இடங்களிலிருந்து அகற்றப்படும் நாய்களை மீண்டும் அங்கே விடலாகாது என்றது.

இவ்விவாதத்தில் ஒரு வினா பெரிதும் கேட்கப்படாமலே நிற்கிறது. கருத்தடை எந்த அளவுக்கு நோய்த்தடுப்பு ஆகும் என்பதே அது. விட வேண்டுமா, அகற்ற வேண்டுமா என்னும் வழக்கு நாயின் இருப்பைப் பற்றியது. வெறிநோயோ நாயின் எதிர்ப்பாற்றலைப் பற்றியது. இவ்விரண்டும் ஒன்றெனக் கொள்ளப்படும் குழப்பம் விதிகளின் பெயரிலேயே தொடங்குகிறது.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,700 பேர் வெறிநோயால் இறப்பதாக 2022 மார்ச் முதல் 2023 ஆகஸ்ட் வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தினர் நடத்திய கள ஆய்வு மதிப்பிடுகிறது. 2003ஆம் ஆண்டளவில் இம்மதிப்பீடு 20,000ஐ ஒட்டியிருந்தது. குறைவு கண்கூடு. ஆயினும் அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய எவரும் பிழைக்காத ஒரு நோயில், தடுக்கத்தக்க இத்தனை இறப்புகள் நிகழ்வது கொள்கையின் குறையே அன்றி இயற்கையின் விளைவு அன்று.

1. பிறப்பும் தொற்றும்: ஒப்பீட்டு அடிப்படை

கருத்தடையால் நோயைக் கட்டுப்படுத்தும் முயற்சி நாய்களுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பகுதியைச் சார்ந்த பைசன் எனப்படும் காட்டெருமை மந்தைகளில் புரூசெல்லா என்னும் நுண்ணுயிரி கருச்சிதைவு நோயை உண்டாக்குகிறது. நோயுற்ற பசு கன்றை ஈனும்போதோ கருச்சிதைவு அடையும்போதோ வெளிப்படும் நஞ்சுக்கொடியும் நீரும் பிற விலங்குகளுக்குத் தொற்றைக் கொண்டுசெல்கின்றன. எனவே கருவுறாத பசு, நோயைத் தன்னுடலில் சுமந்திருப்பினும் பிறவற்றுக்குப் பெரிதும் பரப்புவதில்லை. கோனகான் என்னும் கருத்தடைத் தடுப்பூசி அம்மந்தைகளுக்காக ஆராயப்பட்டதன் தருக்கம் இதுவே. இங்குப் பிறப்பே தொற்றின் வாயில். பிறப்பை அடைப்பது தொற்றை அடைப்பதாகும்.

பிரித்தானியாவில் வளைக்கரடிகள் வழி மாடுகளுக்குப் பரவும் காசநோய் வேறொரு பாடம் தருகிறது. 1998இல் தொடங்கிய கள ஆய்வில் வளைக்கரடிகள் கொல்லப்பட்ட எல்லைக்கு வெளியே மாடுகளிடம் காசநோய் மிகுந்தது. எஞ்சிய விலங்குகளின் வாழிட ஒழுங்கு குலைந்து அவை தொலைவிடங்களுக்கு அலைந்ததே இதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டது. எண்ணிக்கையைக் குறைத்தால் நோய் குறையும் என்னும் எளிய எதிர்பார்ப்பு அங்குப் பொய்த்தது.

வெறிநோய் இவ்விரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது கடியால் பரவுவது. பிறப்போடு அதற்கு நேரடித் தொடர்பு இல்லை. ஒரு வெறிநாய் சராசரியாக எத்தனை நாய்களுக்கு நோயைக் கடத்துகிறது என்னும் அடிப்படைப் பரவல் எண் உலகின் பல இடங்களிலும் 1க்கும் 2க்கும் இடைப்பட்டதாகவே கணிக்கப்பட்டுள்ளது. நாய்கள் அடர்ந்த ஊரிலும் அருகிய ஊரிலும் இவ்வெண் பெரிதாக மாறவில்லை என்பது கருதத்தக்கது. வெறிபிடித்த நாய் ஓடித் தேடிக் கடிக்கிறது. ஆகவே நாய்களைப் பாதியாகக் குறைத்தாலும் அது கடிக்கும் நாய்களின் தொகை அவ்வளவிற்குக் குறைவதில்லை. நாய்த்தொகைக் குறைப்பை வெறிநோய்த் தடுப்பின் வழியாகக் கொள்ளும் எல்லாத் திட்டங்களும், கொலை வழியாயினும் கருத்தடை வழியாயினும், இவ்விடத்தில் இடறுகின்றன.

அப்படியாயின் கருத்தடைக்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் அவ்விடம் வேறு. ஒரு பகுதியில் 1,000 நாய்கள் உள்ளன எனவும், ஒரே முகாமில் 750 நாய்களுக்குத் தடுப்பூசி செலுத்தப்பட்டது எனவும் கொள்ளலாம். ஓராண்டில் 40 விழுக்காட்டு நாய்கள் இறந்து, அவ்விடத்தைத் தடுப்பூசி பெறாத குட்டிகள் நிரப்புமாயின், எதிர்ப்பாற்றல் உடையவை 450 ஆகச் சுருங்கும். கருத்தடையால் இம்மாற்றம் 20 விழுக்காடாகக் குறையுமாயின் 600 எஞ்சும். இவை விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்ட எண்களே. எனினும் செயல்முறையைத் தெளிவாகக் காட்டுவன. உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைக்கும் 70 விழுக்காடு என்னும் இலக்கும் இத்தேய்மானத்தைக் கருத்திற்கொண்டதே. பரவல் எண் 2 எனக் கொண்டாலும் பரவலை நிறுத்தப் பாதி நாய்கள் எதிர்ப்பாற்றல் பெற்றிருந்தால் போதும். அடுத்த முகாம் வரும்வரை அப்பாதிக்குக் கீழே இறங்காதிருக்கவே தொடக்கத்தில் 70 வேண்டப்படுகிறது.

ஆகவே கருத்தடை தடுப்பூசியின் தேய்மானத்தை மெதுவாக்குகிறது. தடுப்பூசி பரவலாகச் செலுத்தப்படாத இடத்தில் அது மெதுவாக்குவதற்கு எதுவும் இல்லை. இக்கட்டுரையின் திறனாய்வு அனைத்தும் இவ்வேறுபாட்டின்மீதே அமைகிறது.

2. விதிகளின் பெயரும் சொல்லாட்சியும்

1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2001இல் நாய்களுக்கான பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இயற்றப்பட்டன. அதற்கு முன்னர் நகராட்சிகள் நாய்களைக் கொல்வதையே வழியாகக் கொண்டிருந்தன. சென்னை மாநகராட்சி 1996இல் கொலையைக் கைவிட்டுக் கருத்தடை முறையை ஏற்றது. புளூ கிராஸ் அமைப்பின் நெடுநாள் வலியுறுத்தல் அதற்குப் பின்னணியாக இருந்தது. கொலை பயன்தராது என்பதை நடைமுறையிலிருந்து உணர்ந்து, அதனினும் இரக்கமும் பயனும் உடைய மாற்றைத் தேடிய வரலாற்றுத் திருப்பம் அது. இவ்விதிகளை மதிப்பிடுவோர் இதனை மறத்தலாகாது.

எனினும் விதிகளின் பெயர் ‘பிறப்புக் கட்டுப்பாடு’ என்றே அமைந்தது. நோய்த்தடுப்பு அதன் உட்கூறாயிற்று. தமிழ் நாளிதழ்களும் பேச்சு வழக்கும் இதனை ‘நாய்களுக்குக் குடும்பக் கட்டுப்பாடு’ என்று மொழிந்தன. மக்கள்தொகைக் கொள்கையிலிருந்து பெறப்பட்ட இத்தொடர், சிக்கல் எண்ணிக்கையில் உள்ளது என்னும் முடிவை முன்கூட்டியே தந்துவிடுகிறது. ஊர்ப்புறத்தில் விலங்குகளுக்கு வழங்கும் ‘காயடித்தல்’ என்னும் பழைய சொல் அத்தகைய எதிர்பார்ப்பைத் தருவதில்லை. உழவுமாட்டை அடக்கும் பொருட்டுச் செய்யப்படும் ஒரு செயலை அது குறித்தது. மாட்டிற்கு வரும் நோய்க்கு அது மருந்தென்று எவரும் கருதியதில்லை. ‘வெறிநாய்க்கடி’ என்னும் சொல்லும் நோயைக் கிருமியோடு பொருத்தாமல் நாயோடு பொருத்துகிறது. நாய் குறைந்தால் நோய் குறையும் என்னும் பொதுக்கருத்துக்கு இச்சொற்களும் துணைநிற்கின்றன.

2023 மார்ச் 10ஆம் நாள் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் ‘சமூக விலங்கு’ என்னும் சொல்லை முன்வைத்தன. தெருநாய் உரிமையாளரற்றது அன்று, ஓர் இடத்தின் சமூகத்தைச் சார்ந்தது என்பது இதன் உட்பொருள். வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் அச்சமூகம் எது என்பதை விதிகளின் பிற பகுதிகள் வெளிப்படுத்துகின்றன. உணவிடுதல் பற்றிய விதி குடியிருப்போர் நலச்சங்கம், அடுக்குமாடி உரிமையாளர் சங்கம், உள்ளாட்சிப் பிரதிநிதி ஆகியோரிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. உணவிடும் இடம் குழந்தைகள் விளையாடும் இடம், நுழைவாயில், படிக்கட்டு ஆகியவற்றிலிருந்து விலகியிருக்க வேண்டும் என்கிறது. படிக்கட்டையும் அடுக்குமாடியையும் கண்முன் கொண்டு எழுதப்பட்ட விதியில் களத்துமேடும் மாட்டுக்கொட்டகையும் ஏரிக்கரையும் இடம்பெறவில்லை.

செல்ல விலங்கு, தெரு விலங்கு என்னும் பாகுபாடும் இத்தகையதே. முன்னதற்கு உரிமையாளர் பொறுப்பு. பின்னதற்கு உள்ளாட்சி பொறுப்பு. ஊர்ப்புறத்து நாய் இவ்விரு வகையிலும் முழுமையாக அடங்குவதில்லை. ஒரு வீட்டில் உண்டு, மறு வீட்டுத் திண்ணையில் உறங்கி, இரவில் பம்புசெட்டுக் கொட்டகைக்குக் காவலிருக்கும் நாய்க்குப் பெயர் உண்டு, சங்கிலி இல்லை, உரிமம் இல்லை. “அது எங்கள் நாய்தான்” என்று உரிமை கொண்டாடுவோரும் அறுவைக்கு உடன்படும் வேளையிலும் கடிக்குப் பொறுப்பேற்கும் வேளையிலும் “தெருநாய்தானே” என்பர். இரு பொறுப்புகளுக்கும் இடையில் விழும் இந்நாயே ஊர்ப்புறத்தின் பெரும்பான்மை வகை என்பதை விதிகள் கணக்கில் கொள்ளவில்லை.

3. பிணைப்பின் விளைவு

தடுப்பூசியை மட்டும் தனியே செலுத்துவதை விதிகள் தடைசெய்யவில்லை. ஆயினும் அவற்றின் கட்டமைப்பு முழுவதும் அறுவையைச் சுற்றியே அமைந்துள்ளது. இந்திய விலங்குநல வாரியத்தின் திட்ட ஏற்பு, அறுவைக்கூடம், அறுவைக்கு முன்னும் பின்னும் நாய்களை வைத்திருக்கும் கூண்டுகள், பயிற்சி பெற்ற மருத்துவர், பிடிக்கும் குழு, ஊர்தி, பிடித்த இடத்திலேயே மீண்டும் விடுவதற்கான பதிவேடு ஆகியன வேண்டப்படுகின்றன. இவை அனைத்தும் விலங்கின் நலனுக்கு இன்றியமையாதன, குறைக்கத்தக்கன அல்ல. சிக்கல் இவற்றின் தேவையில் இல்லை. இவை அமையும்வரை தடுப்பூசியும் காத்திருக்கிறது என்பதில் உள்ளது.

அறுவை ஒவ்வொரு நாய்க்கும் சில நாள்களைக் கோருகிறது. தடுப்பூசி சில நிமிடங்களில் முடிவது. ஓர் ஊர்ப்புறக் கொம்யூனில் ஆண்டுக்கு 100 நாய்களுக்கு அறுவை செய்ய இயலும் எனக் கொண்டால், 1,000 நாய்களுள் மூன்றாண்டில் 300 நாய்கள் காதில் வெட்டுக்குறி பெறும். முதலாண்டில் ஊசி பெற்றவை மீளூசி பெறாவிடில் அவற்றின் எதிர்ப்பாற்றலுக்கு உறுதி இல்லை. ஆகவே குறியுடையவை 300 ஆக இருக்கையில், அவ்வாண்டில் ஊசி பெற்றவை 100 மட்டுமே. பதிவேட்டில் 30 விழுக்காடு. நோயின் கண்ணில் 10 விழுக்காடு.

காதுவெட்டுக்குறி இங்குத் தனியாக நோக்கத்தக்கது. அது அறுவை நிகழ்ந்தது என்பதற்கு வாழ்நாள் சான்று. தடுப்பூசிக்கோ அத்தகைய வாழ்நாள் மதிப்பு இல்லை. ஆனால் காது வெட்டப்பட்ட நாய் ‘ஊசி போட்ட நாய்’ என்றே படிக்கப்படுகிறது. கடித்தது குறியுடைய நாய் என்பதால் கடிபட்டவர் மருத்துவமனைக்குச் செல்லாது விடுவாராயின், விதி தந்த குறியே உயிருக்கு ஊறாகும். திரள் தடுப்பூசித் திட்டங்களில் பயன்படும் நாள்பட அழியும் சாயக்குறி இவ்வகையில் நேர்மையானது. குறி அழியும்போது அடுத்த ஊசிக்கான காலமும் நெருங்குகிறது.

அறுவைக்கு ஏற்ற வயதை எட்டாத குட்டிகளும் இப்பிணைப்பால் விடுபடுகின்றன. நாய்த்திரளில் ஆண்டுதோறும் புதிதாக நுழைபவை அவையே. குழந்தைகள் தூக்கி விளையாடுபவையும் அவையே. தாயின் அறுவைக்கு வந்த குழு குட்டிக்கு ஊசி மட்டுமேனும் செலுத்தலாம். திட்டத்தின் அளவுகோல் அறுவையின் எண்ணிக்கையாக இருக்கும்வரை அதற்குத் தூண்டுதல் இல்லை.

இவ்விடத்தில் நடுவண் அரசின் மற்றோர் ஆவணத்தை ஒப்பிடுதல் தகும். 2021 செப்டம்பர் 28, உலக வெறிநோய் நாளன்று வெளியிடப்பட்ட தேசியச் செயல்திட்டம், 2030க்குள் நாய்வழி வெறிநோய் இறப்புகளை ஒழிக்கும் இலக்குடையது. வரையறுக்கப்பட்ட ஒரு நிலப்பகுதியில் குறைந்தது 70 விழுக்காட்டு நாய்களுக்கு ஆண்டுதோறும், தொடர்ந்து மூன்றாண்டுகள், தடுப்பூசி செலுத்துவதை அது முன்வைக்கிறது. செயல்திட்டத்தில் ஊசி முதன்மை. விதிகளில் அறுவை முதன்மை. முன்னது வழிகாட்டுதல், பின்னது சட்ட வலிமை உடையது. இரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற வேண்டிய உள்ளாட்சி, வழக்குக்கு அஞ்சி விதியையே முதலில் நோக்கும். மக்களின் உயிரைக் காக்கும் ஆவணம் அதனால் இரண்டாம் இடத்திற்குத் தள்ளப்படுகிறது.

4. வில்லியனூர், பாகூர்: களத்தின் இயல்பு

புதுச்சேரி வட்டாரத்தில் புதுச்சேரி, உழவர்கரை என்னும் இரு நகராட்சிகளும் அரியாங்குப்பம், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம், வில்லியனூர் என்னும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் உள்ளன. நகராட்சிக்கும் கொம்யூனுக்கும் விதி ஒன்றே, நிலம் வேறு.

முதலாவது, எல்லை. புதுச்சேரி வட்டாரம் தொடர்ச்சியான நிலப்பரப்பு அன்று. அதன் ஊர்கள் தமிழ்நாட்டின் விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களுக்கு இடையே துண்டுதுண்டாகக் கிடக்கின்றன. வில்லியனூர்ப் பக்கம் ஊசுட்டேரியின் நீர்ப்பரப்பே இரு ஆட்சிகளுக்கும் உரியது. பாகூரின் தெற்கே கடலூர் மாவட்டம் தொட்டு நிற்கிறது. ஒரு தெருவின் முடிவில் மாநிலம் மாறும் நிலத்தில் ‘பிடித்த இடத்திலேயே விடுதல்’ என்னும் விதியைக் கடைப்பிடித்தாலும், நாய் அடுத்த நாள் எல்லை கடந்து நிற்கும். ஒரு பக்கம் மட்டும் ஊசி செலுத்துவது ஓட்டைப் பானையில் நீர் இறைப்பதாகவே முடியும்.

இரண்டாவது, கால்நடை. நகரத்தில் வெறிநாயின் கடி மனிதர்க்கு உரிய சிக்கல். பாகூர் ஏரிப் பாசனத்து ஊர்களிலும் வில்லியனூரைச் சூழ்ந்த ஊர்களிலும் கறவைமாடும் கடிபடுகிறது. மாடு இறந்தால் ஒரு குடும்பத்தின் அன்றாட வருவாய் நின்றுபோகிறது. அதனோடு பால் பருகியோர், மாட்டின் வாயில் கைவிட்டு மருந்தூட்டியோர் அனைவரையும் அச்சம் பற்றுகிறது. நாயின் நலத்தையும் மனிதரின் பாதுகாப்பையும் எடைபோடும் விதிகளில் மாட்டுக்குத் தனியிடம் இல்லை. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் கோமாரிக்கும் கருச்சிதைவு நோய்க்கும் வீடுவீடாகச் சென்று ஊசி செலுத்தும் முறையைக் கொண்டது. கன்றின் பிறப்பைக் குறைத்து நோயைக் குறைக்க வேண்டும் என்று அங்கு எவரும் கூறுவதில்லை. ஒரே கொட்டகையில் மாட்டுக்கு ஒரு தருக்கமும் அதன் அருகில் படுத்திருக்கும் நாய்க்கு வேறொரு தருக்கமும் செயற்படுகின்றன.

மூன்றாவது, பொறுப்பு. விதிகள் உள்ளாட்சியையே அச்சாணியாகக் கொள்கின்றன. புதுச்சேரியில் 38 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 2011இல் முடிந்த பிறகு கொம்யூன்கள் அலுவலர்களாலேயே நிருவகிக்கப்பட்டு வந்துள்ளன. எந்தத் தெருவில் எத்தனை நாய், எது புதிதாக ஈன்றது, எது யாருடைய சோற்றில் வளர்கிறது என்பதை அறிந்தவர் வார்டு உறுப்பினரும் ஊராரும்தாம். அவ்வறிவு ஆட்சியில் நுழையும் வாயில் அடைபட்ட நிலையில், பிடிக்கும் குழு கண்ணில் பட்ட நாயைப் பிடிப்பதே திட்டமாகிவிடுகிறது. 70 விழுக்காடு என்னும் இலக்குக்கு முதலில் வேண்டுவது பகுதியெண். எண்ணப்படாத திரளில் விழுக்காடு என்பதற்குப் பொருள் இல்லை.

புதுச்சேரிக்கு இதனை ஒத்த பட்டறிவு முன்பே உண்டு. இங்குள்ள நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1981 முதல் 1985 வரை யானைக்கால் நோயைக் குறிவைத்துக் கொசுப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஒருங்கிணைந்த திட்டத்தை நகரில் நடத்தியது. கொசு குறைந்தது, தொற்றும் குறைந்தது. திட்டம் நின்றபின் கொசுத்தொகை மீண்டெழுந்தது. பிற்காலத்தில் யானைக்கால் ஒழிப்பின் நடுப்புள்ளி மக்கள் அனைவர்க்கும் ஆண்டுதோறும் மருந்து வழங்கும் முறைக்கு மாறியது. கொசுவும் நாயும் ஒன்றல்ல. எனினும் பெருக்கத்தைக் குறைக்கும் பணி இடைவிடாது நடந்தால் மட்டுமே பயன்தரும் என்பதும், நின்ற அன்றே தேயத் தொடங்கும் என்பதும் இரண்டிற்கும் பொது.

5. மறுதரப்பும் அதன் வலிமையும்

விதிகளின் ஆதரவாளர் முன்வைக்கும் வாதங்கள் எளிதில் தள்ளத்தக்கன அல்ல. செய்ப்பூரில் 1994 நவம்பர் முதல் 2002 டிசம்பர் வரை 24,986 நாய்கள் கருத்தடையும் தடுப்பூசியும் பெற்றன. பெண்நாய்களுள் 65 விழுக்காடு அறுவை பெற்றன. நாய்த்தொகை 28 விழுக்காடு குறைந்தது. திட்டம் நடந்த பகுதியில் மனித வெறிநோய் அற்றுப்போனது. குட்டியீன்ற தாய்நாய் காவலுணர்வால் கடிப்பது மிகுதி. ஈற்று குறையவே கடிகளும் குறைந்தன என்பதும் பின்னர் அங்கே பதிவாயிற்று. அரிதில் பிடித்த நாய்க்கு இரண்டையும் ஒருசேரச் செய்வது சிக்கனம் என்பதும் நியாயமே.

ஆயினும் செய்ப்பூரின் சான்று இணைந்த செயலின் சான்று. வெறிநோயின் மறைவுக்குக் காரணம் ஊசியா அறுவையா என்பதை அதிலிருந்து பிரித்தறிய இயலாது. மேலும் அது ஒரு நகரின் வரையறுத்த பகுதியில் ஓர் அமைப்பு எட்டாண்டுகள் இடைவிடாது உழைத்ததன் விளைவு. அத்தகைய தொடர்ச்சி வாய்த்த இடத்தில் விதிகளும் வெற்றி பெறும். வாய்க்காத இடத்திற்கு விதி என்ன சொல்கிறது என்பதே வினா.

கோவா அவ்வினாவிற்கு ஒரு விடை தருகிறது. அங்கு அரசும் தொண்டு நிறுவனமும் இணைந்து, வலையால் பிடித்து ஊசி செலுத்தி அப்போதே விடும் முறையை மாநிலம் முழுதும் மேற்கொண்டன. 2018, 2019ஆம் ஆண்டுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 95,000 நாய்கள் ஊசி பெற்றன. நாய்களிடையே வெறிநோய் 92 விழுக்காடு குறைந்ததாகவும் மனித வெறிநோய் அற்றுப்போனதாகவும் 2022இல் வெளியான ஆய்வு கூறுகிறது. பள்ளிகளில் விழிப்புணர்வும், ஐயத்திற்குரிய நாயைக் கண்காணித்து ஆய்வகத்தில் சோதிக்கும் அமைப்பும் உடன் இயங்கின. கோவாவின் பரப்பு 3,702 சதுர கிலோமீட்டர். புதுச்சேரி ஒன்றியப் பகுதி நான்கு வட்டாரங்களையும் சேர்த்து 500 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 12,47,953. அளவு ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை.

வருங்காலத்தில் இவ்விரு நோக்கங்களும் ஒன்றிணையக்கூடும். கருத்தடைத் தடுப்பூசியையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் ஒரே நேரத்தில் நாய்க்குச் செலுத்தினால் ஒன்றை ஒன்று கெடுப்பதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அறுவை வேண்டாத அத்தகைய மருந்து களத்திற்கு எளிய விலையில் வருமாயின் விதிகளின் பிணைப்புக்கு உண்மையான பொருள் கிடைக்கும். அதுவரை அறுவைக்கூடம் இல்லாத ஊர் ஊசியும் இல்லாத ஊராக இருத்தல் ஆகாது.

6. பரிந்துரைகள்

முதற்கண், தடுப்பூசியைக் கருத்தடையிலிருந்து நிருவாக அளவில் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு கொம்யூனிலும் ஆண்டுக்கு ஒருமுறை, ஒரே வாரத்தில், வீட்டு நாய், தெருநாய், குட்டி என்னும் வேறுபாடின்றித் திரள் தடுப்பூசி நடத்தப்படலாம். ஊர்தோறும் காலையும் மாலையும் மக்கள் கூடும் இடம் பால் கூட்டுறவுச் சங்கம். பாண்லே நிறுவனத்திற்குப் பால் அளிக்கும் அச்சங்கங்களை முகாம் இடமாகக் கொண்டால் மாடு வளர்ப்போரே நாயைக் கொண்டுவருவர். தம் மாட்டைக் காப்பதும் அதனுள் அடங்குவதை அவர்கள் அறிவர்.

இரண்டாவதாக, அறுவையைப் பெண்நாய்களின் மேல் குவித்து, தடுப்பூசி 70 விழுக்காட்டை எட்டிய ஊர்களில் முதலில் நடத்தலாம். தேய்மானத்தை மெதுவாக்கும் கருவி, தேய்வதற்கு ஏதேனும் உள்ள இடத்திலேயே பயன்தரும்.

மூன்றாவதாக, எல்லையோர ஊர்களில் விழுப்புரம், கடலூர் மாவட்ட நிருவாகங்களோடு ஒரே நாளில் முகாம் நடத்தும் உடன்பாடு வேண்டும்.

நான்காவதாக, வெறிநோய் ஐயத்தால் தனிமைப்படுத்தப்பட்டு இறக்கும் நாயின் மூளைத்திசுவைச் சோதிக்கும் ஏற்பாடு வேண்டும். ஐயத்திற்குரிய நாய் இயற்கையாக இறக்கும்வரை தனித்து வைக்கப்பட வேண்டும் என்பது விதி. இறந்தபின் அது வெறிநோயா என்று உறுதிப்படுத்தாவிடில் நோய் எங்குள்ளது என்பதே தெரியாது போகும். குரும்பாப்பேட்டிலுள்ள இராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் ஜிப்மரும் ஒரே வட்டாரத்தில் அமைந்திருப்பது புதுச்சேரிக்கு வாய்த்த நல்வாய்ப்பு. நாயின் சோதனை முடிவு கடிபட்டவரின் மருத்துவரைச் சென்றடையும் வழியை அமைப்பதே எஞ்சிய பணி.

இவை யாவும் நிறைவேறும்வரையிலும், நிறைவேறிய பின்னரும், கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுவதும், 0, 3, 7, 28ஆம் நாள்களில் தோலிடை ஊசியைத் தவறாது பெறுவதும், ஆழ்ந்த காயத்திற்கு எதிர்ப்புரத ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்தின் எட்டும் தொலைவில் கிடைப்பதும் உயிர்காக்கும் கடைசி அரண்கள். காதுவெட்டுக்குறி இவற்றுள் எதற்கும் மாற்று அன்று என்பது ஊரறியச் சொல்லப்பட வேண்டும்.

முடிவுரை

பைசன் மந்தையில் பிறப்பே தொற்றின் வாயில் ஆதலால் கருத்தடை நோய்த்தடுப்பாகிறது. வெறிநோயில் கடியே வாயில் ஆதலால் கருத்தடை தடுப்பூசியின் துணையாக மட்டுமே நிற்கிறது. விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் இவ்வேறுபாட்டைத் தம் அமைப்பில் பதியவில்லை. கொலைக்கு மாற்றாகப் பிறந்த அவற்றின் அறநோக்கம் போற்றத்தக்கது; அந்நோக்கத்தைக் கைவிடுமாறு இத்திறனாய்வு கூறவில்லை. நாயைக் கொல்லாது விடுதல் என்னும் அறத்திற்கு அரணாக அமைவதும் தடுப்பூசியே. ஊசி பெறாத திரளில் ஒரு குழந்தை வெறிநோயால் இறக்கும்போது, முதலில் எழும் குரல் அத்திரளைக் கொல்லச் சொல்லும் குரலே.

நகரம் அறுவைக்கூடம் கட்டிக்கொள்ளும், சங்கம் அமைத்துக்கொள்ளும், வழக்கும் தொடுக்கும். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் உள்ளூர்களுக்கு இம்மூன்றும் எளிதில் கைகூடுவன அல்ல. அங்கே உடனடியாகச் சென்றடையத்தக்கது குளிர்ப்பெட்டியில் வைத்த ஊசி ஒன்றே. அதனை அறுவையின் வருகைக்காகக் காக்கவைக்கும் விதியமைப்பு திருத்தப்பட வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.